சாகத் தெரியாத விஞ்ஞானி

1999 கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்து மாமாவின் மகன் வந்து எங்களோடு இரண்டு கிழமை நின்றான். மாமி கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூளுக்கும் பருத்தித்துறை வடைக்கும் அடியில், துவாயில் சுற்றி ஒரு சீடி கொண்டுவந்திருந்தான். ஹாஃப் லைஃப். என்னிடமும் அது இருந்தது. ஓடிப்போய் என்னுடையதை எடுத்துக் காட்டினேன். இரண்டு பேரிடமும் ஒரே விளையாட்டு என்பதில் எனக்குப் பெரிய புளுகம்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. ஜேர்மனியில், டோட்முண்டுக்குப் பக்கத்தில் நாலாம் மாடியில் இரண்டு அறை வீடு. அப்பா உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் வாங்கித் தந்த பழைய கொம்பியூட்டர், ஹோலுக்குள் சாமித்தட்டுக்கு நேர் எதிரே இருந்தது. படிக்கத்தான் வாங்கியது.

மச்சான் என்னுடைய விளையாட்டைப் பத்து நிமிடம் விளையாடியிருப்பான். கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“ஏன்ரா உவங்கள் எல்லாம் ரொபோவா நிக்கிறாங்கள்?”

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. ரொபோ என்றால் ரொபோதான். அமெரிக்காவில் நிலத்துக்கடியில் ஒரு ரகசிய ஆய்வுகூடம். அங்கே ஒரு பரிசோதனை பிழைத்து வேற்றுலகப் பிராணிகள் வந்துவிடுகின்றன. அரசாங்கம் ரொபோக்களை அனுப்புகிறது. அதுதானே கதை? அவன் ஒன்றும் சொல்லாமல் தன்னுடைய சீடியைப் போட்டு, ஏற்கெனவே விளையாடிய ஓர் இடத்துக்குப் போய், “இப்ப பார்” என்றான்.

அந்தக் காட்சி இப்படி. ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நாள் முழுக்க ஒளிந்திருந்த விஞ்ஞானி ஒருவர், வெள்ளைக் கோட்டோடு, ராணுவம் வந்துவிட்டது என்ற சந்தோசத்தில் சிப்பாயை நோக்கி ஓடுகிறார். கடைசியில் காப்பாற்ற வந்துவிட்டீர்கள் என்று கத்துகிறார். சிப்பாய் துவக்கைத் தூக்கி அவரைச் சுட்டுக் கொல்கிறான். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தில்தான் விளையாடுகிறவருக்கு விசயம் விளங்கும்: ராணுவம் வந்தது மீட்பதற்கில்லை, சாட்சிகளைத் துடைப்பதற்கு.

மச்சானுடைய சீடியில் அந்தச் சிப்பாய் பச்சைப் புள்ளிச் சட்டை, சப்பாத்து, வோக்கிடோக்கியோடு நிற்கிற மனுசன். என்னுடையதில் உலோக மண்டையோடு ஒரு ரொபோ. அதைவிடப் பெரிய வித்தியாசம் விஞ்ஞானியில் இருந்தது. அவனுடைய சீடியில் அவர் இரத்தத்தில் விழுந்து செத்தார். ஜேர்மன் பதிப்பில் விஞ்ஞானிகளுக்குச் சாகத் தெரியாது. சுட்டால் நிலத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள், சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்பதுபோல.

நான் ஆறு மாதமாக அதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் களைப்பு என்று நினைத்திருந்தேன்.

*

ஜேர்மனியில் வளர்ந்த எங்கள் தலைமுறைப் பெடியளுக்கு ‘இன்டிசியேர்ட்’ என்ற சொல் பள்ளிக்கூட வாசலிலேயே பாடம். இளையோருக்குக் கெடுதியானவை என்று அரசு ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதில் ஏறிய பொருளுக்கு விளம்பரம் செய்யக்கூடாது, கடையில் பார்வைக்கு வைக்கக்கூடாது. பதினெட்டு தாண்டியவர் போய்க் கேட்டால் மேசைக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுக்கலாம். தடை என்று சொல்ல முடியாது. ஆனால் பார்வைக்கு வைக்க முடியாத சாமானை எந்தக் கடைக்காரன் வாங்கி அடுக்குவான்? அதனால் கொம்பனிகள் பட்டியலுக்குப் பயந்து தாங்களே வெட்டின. அரசாங்கம் கத்தரிக்கோலைத் தொடவே தேவையிருக்கவில்லை.

அந்தப் பட்டியலை வைத்திருந்த அலுவலகம் 1954இல் பொன் (Bonn) நகரத்தில் வேலையைத் தொடங்கியபோது முதலில் பிடித்தது டார்சான் படக்கதைகளை. வீடியோ விளையாட்டு என்ற ஒன்று வந்த பிறகு, 1984இல், ரிவர் ரெய்டைப் பிடித்தார்கள். மேலிருந்து பார்க்கிற ஒரு நீல ஆறு, அதில் போகிற ஒரு குட்டி விமானம், சுடுவதற்கு நாலைந்து கப்பல், எண்ணெய் நிரப்ப ஒரு பெட்டி. கரோல் ஷா என்ற பெண் எழுதிய அருமையான விளையாட்டு. இது குழந்தைப் பருவத்திலேயே கொடுக்கிற அரைராணுவப் பயிற்சி என்று தீர்ப்பில் எழுதினார்கள். தசைப்பிடிப்பு, கோபம், தலையிடி எல்லாம் வரும் என்றும் எழுதினார்கள். 2002இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பிறகு அதே விளையாட்டு ஒரு பழைய விளையாட்டுத் தொகுப்பில் வந்தபோது வயதுக் கட்டுப்பாடே இல்லை என்று முத்திரை குத்தினார்கள். தலையிடி பதினெட்டு வருசத்தில் மாறிவிட்டது போல.

சரி, ஏன் ரொபோ? பச்சை இரத்தம் பூசலாம், இரத்தத்தையே எடுத்துவிடலாம். ஏன் மனுசனை இயந்திரமாக்க வேண்டும்? பல வருசம் கழித்துத்தான் இதற்குப் பின்னால் இருந்த சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். குற்றவியல் சட்டத்தில் 131ஆம் பிரிவு. மனிதர்களுக்கு எதிரான கொடூர வன்முறையைப் போற்றும் விதமாகக் காட்டினால் குற்றம். ‘மனிதர்’ என்பதுதான் அங்கே சாவி. சுடப்படுகிறவர் மனிதர் இல்லையென்றால் பிரச்சினையும் இல்லை. ஜப்பானில் மனிதக் கொமாண்டோக்களாக இருந்த ‘கொன்ட்ரா’ விளையாட்டின் வீரர்கள் ஐரோப்பாவில் ‘புரோபொடெக்டர்’ என்ற பெயரில் ரொபோக்களாக வந்தார்கள். கொமாண்ட் அண்ட் கொங்கர் என்ற போர் விளையாட்டில் காலாட்படை முழுக்கச் சைபோர்க், அதாவது பாதி இயந்திரம், ஆனது. 2003இல் அதன் ஜெனரல்ஸ் பதிப்பு பட்டியலில் ஏறிய பிறகு, ஜேர்மனிக்கென்று வெட்டி விட்ட பதிப்பில், தற்கொலைக் குண்டுதாரி சில்லு வைத்து உருளும் ஒரு குண்டாக மாறியிருந்தார்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1992இல் ஒரு பேய்ப்பட வழக்கில், செத்து எழும்பின பிணங்கள் இந்தச் சட்டத்தின்படி மனிதர்களா என்ற கேள்வி ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போனது. இல்லை என்று தீர்ப்பு வந்தது. சட்டத்தில் ‘மனிதர்’ என்றுதான் இருக்கிறது, அதை இழுத்து நீட்ட முடியாது என்றார்கள். பொறுத்திருந்து, 2004இல் ‘மனிதரைப் போன்ற பிறவிகள்’ என்று ஒரு தொடரைச் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். சிவப்பு அங்கி நீதிபதிகள் பேய்க்குக் குடியுரிமை உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அந்தத் தீர்ப்பு வந்த 1992இல்தான் எங்களுடைய அகதி விண்ணப்பமும் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது.

அந்த 131ஆம் பிரிவில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. வன்முறையைப் போற்றினால் மட்டும் குற்றமில்லை. அதை ஒன்றுமில்லாத விசயம்போலக் காட்டினாலும் குற்றம். இதைப் படித்தபோது நான் எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். சுட்டால் உட்கார்ந்து தலையாட்டுகிற மனிதரைவிட ஒன்றுமில்லாததுபோலக் காட்ட முடியுமா?

*

மச்சான் வந்த அந்தக் கிழமையில் ஒருநாள் பின்னேரம். அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா சாமித்தட்டில் விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினா. நேர் எதிரே திரை. பச்சைச் சட்டைக்காரர் மூன்று பேர் ஒரு மதிலோடு ஒட்டி நிற்கிறார்கள். வோக்கிடோக்கி கரகரக்கிறது.

அம்மா ரொபோக்கள் நின்றபோது ஒருநாளும் அந்தத் திரையைப் பார்த்ததில்லை. கார்ட்டூன் என்று நினைத்திருப்பா. அன்றைக்கு நின்றுவிட்டா.

“உது ஆமியே?”

“ஓம் மாமி, கேம்தான்,” என்றான் மச்சான்.

“சத்தத்தைக் குறை.”

குறைத்தோம். அவ போகவில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா. விஞ்ஞானி ஓடினார், சூடு விழுந்தது, விழுந்தார்.

“ஏன் உந்த வெள்ளைச் சட்டைக்காரனைச் சுட்டவங்கள்? அவன் ஒண்டும் செய்யேல்லையே.”

மச்சான் கதையைச் சொன்னான். உள்ளே நடந்தது வெளியே தெரியக்கூடாது, அதனால் கண்டவர்கள் எல்லாரையும் சுடச்சொல்லி அரசாங்கம் அனுப்பியிருக்கிறது என்று. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓ” என்றா. மிச்சக் கதை தனக்குத் தெரியும் என்பதுபோல ஓர் ‘ஓ’. பிறகு குசினிக்குள் போய்விட்டா.

நாங்கள் 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டவர்கள். எனக்கு எட்டு வயது. அதற்கு முந்தைய வருசம் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தபோது பொம்மர் சத்தம் கேட்டதும் வளவுக்குள் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடுவோம். மேலே பனங்குற்றி, அதன் மேலே மண்மூட்டை. உள்ளே இருக்கும்போது வாயில் துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பொம்மர் போனதும் வெளியே வந்து, பனைமட்டையில் வெட்டிய துவக்குகளோடு ஒழுங்கையில் ‘ஆமியும் இயக்கமும்’ விளையாடுவோம். ஆமியாக யார் நிற்பது என்பதில்தான் தினமும் அடிபிடி. சூடு பட்டவன் விழவேண்டும், விழுந்து நூறு எண்ணும் வரைக்கும் எழும்பக்கூடாது. அது கடுமையான சட்டம். எண்பதில் எழும்பினவனை நாங்கள் ஒரு நாள் முழுக்க விளையாட்டில் சேர்க்கவில்லை. அந்த விளையாட்டுக்கு ஒருவரும் வயது முத்திரை குத்தவில்லை. ஆனால் அதில் கூட, செத்தவன் செத்தவன்தான்.

எங்களைப்போல எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் இருந்தது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அண்ணைக்கு இன்று வரைக்கும் துவக்குச் சத்தம் உள்ள எந்த விளையாட்டும் ஆகாது. வருசப் பிறப்பு இரவில் வெடி கொளுத்தினால் நிலவறைக்குள் போய் இருப்பார். ஆகாதவரை இழுத்துவந்து திரைக்கு முன்னால் இருத்தவேண்டியதில்லை. அதற்குத்தான் பெட்டியில் ஓர் எண் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதியிருக்கவேண்டும். நான் கோபப்படுவது உள்ளே இருப்பதை மாற்றிவிட்டு, வெளியே ஒன்றும் எழுதாமல் விட்டதற்கு. நான் வாங்கிய பெட்டியில், இதில் வருவது வேறு கதை என்று ஓர் இடத்திலும் இல்லை. தன் சொந்த மக்களைச் சுடுகிற ராணுவத்தைப் பற்றிய கதை, பழுதாகிப்போன இயந்திரங்களைப் பற்றிய கதையாக என் கைக்கு வந்தது. இயந்திரத்தைப் பார்த்து யாரும் ‘ஏன் சுட்டாய்’ என்று கேட்பதில்லை. அம்மா கேட்டது மனுசனைக் கண்டபோதுதான்.

*

2002 ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை. எர்ஃபுர்ட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் முன்னாள் மாணவன் ஒருவன் துவக்கோடு நுழைந்து பதினாறு பேரைக் கொன்றான், பெரும்பாலும் ஆசிரியர்கள். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் வீட்டில் என்னென்ன விளையாட்டு இருந்தது என்பது அடுத்தடுத்த நாள் செய்திகளில் வந்தது. ‘கில்லர்ஷ்பீல’, கொலைகார விளையாட்டு என்ற சொல் எல்லார் வாயிலும் ஏறிக்கொண்டது.

திங்கட்கிழமை எங்கள் வகுப்பாசிரியை கௌன்டர் ஸ்ட்ரைக் விளையாடுகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றா. பெடியள் அத்தனை பேரும் உயர்த்தினோம். அவவுக்கு முகம் வெளுத்துப்போனது. தன்னோடு வேலை செய்கிறவர்களை நினைத்திருப்பா, பாவம். பாடம் முடிந்தபிறகு என்னை மட்டும் நிற்கச் சொன்னா. நீ அங்கே பார்த்தது போதாதா, நீ கட்டாயம் இதை விளையாடக்கூடாது என்று மெல்லிய குரலில் சொன்னா. நல்ல மனுசி. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, பின்னேரம் வீட்டுக்குப் போய் விளையாடினேன்.

அந்தச் சூட்டோடு கௌன்டர் ஸ்ட்ரைக்கைப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்த அலுவலகம் ஏற்றவில்லை. மூன்று கிழமைக்குள், மே மாதத்தில், நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது, முடியாது என்று முடிவெடுத்தது. பன்னிரண்டு பேர் இருந்து தீர்மானிக்கிற சபை அது. கலை, இலக்கியம், பதிப்பகம், தேவாலயம், ஆசிரியர், இளையோர் நலன் என்று பல பக்கத்திலிருந்து ஆள் வருவார்கள். பட்டியலில் ஏற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ரிவர் ரெய்டுக்காக அவர்களைக் கிண்டலடிக்கிற நான் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எர்ஃபுர்ட்டுக்குப் பிறகு சட்டம் மாறியது. 2003 ஏப்ரல் 1ஆம் திகதியிலிருந்து பெட்டியிலுள்ள வயது முத்திரை கடைக்காரரைக் கட்டியது. அதுவரைக்கும் 1994இல் பெர்லினில் தொடங்கிய யு.எஸ்.கே. என்ற அமைப்பு தருவது ஆலோசனை மட்டும்தான். அதன் பிறகு பதினாறு என்று போட்டதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விற்றால் தண்டம். இதில் எனக்குப் பிடித்த விசயம், விளையாட்டை முழுக்க விளையாடிப் பார்த்துச் சபைக்குக் காட்டவென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பழகிய கை. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விளையாடினவனுக்குத்தான் தெரியும். பூச்சியம் வெள்ளை, ஆறு மஞ்சள், பன்னிரண்டு பச்சை, பதினாறு நீலம், பதினெட்டுச் சிவப்பு. யு.எஸ்.கே. முத்திரை கிடைத்துவிட்டால் பிறகு அந்தப் பட்டியலில் ஏற்ற முடியாது. அதனால் சிவப்பு முத்திரையோடு வெட்டாமல் வருகிற விளையாட்டுகள் வரவரக் கூடின. வெட்டினதை விரும்பாதவர்கள் ஒஸ்திரியாவிலுள்ள கடைகளில் வாங்கித் தபாலில் எடுப்பதும் நடந்துகொண்டேதான் இருந்தது. அதே டொச் மொழி, எல்லைக்கு அந்தப் பக்கம் அதே பிள்ளைகள், முழு இரத்தம்.

2009 மார்ச்சில் வின்னென்டனில் இன்னொரு பள்ளிக்கூடம். அந்த வருசம் ஒக்டோபரில், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் ஷ்டுட்கார்ட் ஒப்பெரா மண்டபத்துக்கு முன்னால் ஒரு பெரிய குப்பைத்தொட்டியை வைத்து, வீட்டிலுள்ள கொலைகார விளையாட்டுகளைக் கொண்டுவந்து போடுங்கள் என்று கேட்டார்கள். விழுந்தது சொற்பம். இணையத்தில் எங்கள் பெடியள் அதை வைத்துச் சிரித்தார்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் குளிருக்குள் நின்ற ஆட்களின் படத்தைப் பார்த்தேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

*

ஜேர்மன் தணிக்கையில் உச்சம் மீசைக் கதைதான். நாசிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது இங்கே குற்றம். படத்துக்கும் நாடகத்துக்கும், கலை என்பதால், விதிவிலக்கு உண்டு. விளையாட்டு கலையா என்று தெரியாத காலத்தில், 1994இல், வுல்ஃபென்ஸ்டைன் 3டி நாடு முழுக்கப் பறிமுதலானது. நாசிகளைச் சுடுகிற விளையாட்டு. சுவரிலே ஸ்வஸ்திகா கிடந்ததற்காகப் பிடித்தார்கள். அதே வரிசையில் 2017இல் வந்த விளையாட்டில் ஹிட்லர் ஒரு காட்சியில் வருவார். ஜேர்மன் பதிப்பில் அவருக்கு மீசையை வழித்துவிட்டார்கள். பெயரையும் மாற்றி ‘ஹைலர்’ ஐயா ஆக்கினார்கள். எங்கள் ஊரில் நாடகத்தில் ராஜபார்ட்டுக்கு மீசை கழன்று விழுந்தால் சனம் கூவும். இங்கே சட்டத்துக்குப் பயந்து கழற்றினார்கள்.

அதற்கு அடுத்த வருசம், 2018 ஓகஸ்டில், விளையாட்டுகளுக்கும் படங்களைப்போலவே ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுப்போம் என்று யு.எஸ்.கே. அறிவித்தது. முதலில் அந்த வழியால் வந்தது, நாசிக் காலத்து பெர்லினில் துண்டுப்பிரசுரம் ஒட்டி ஒளிந்து திரிகிற சாதாரண ஆட்களைப் பற்றிய ஒரு சிறிய விளையாட்டு. மெல்ல மெல்லப் பழையவையும் வெளியே வந்தன. டூம் 1994இல் பட்டியலில் ஏறி 2011இல் இறங்கி, பதினாறு வயது முத்திரையோடு வந்தது. ஹாஃப் லைஃபின் முழுப் பதிப்பும் 2017இல் ஜேர்மனியில் இருப்பவர்களுக்கு இலவச இணைப்பாகக் கிடைத்தது. அன்றிரவு இறக்கிப் பார்த்தேன். நேரே அந்த இடத்துக்குப் போனேன். பதினெட்டு வருசம் கழித்து, சட்டப்படி, விஞ்ஞானி செத்தார். முப்பத்துநாலு வயதில், பிள்ளைகள் படுத்தபிறகு, சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு.

இப்போது என் மகனுக்குப் பதினொரு வயது. அவனுக்கு வேண்டியது ஃபோர்ட்நைட். பச்சை முத்திரை, பன்னிரண்டு. கால்பந்து விளையாட்டான எஃப்சி 24க்கும் அதே பன்னிரண்டுதான் போட்டிருக்கிறார்கள். அதில் காசு கொடுத்து வீரர்களை வாங்கத் தூண்டுகிற பகுதிதான் காரணம். 2023இலிருந்து இரத்தத்தை மட்டும் பார்க்காமல் இப்படிப்பட்ட கண்ணிகளையும் பார்க்கிறார்கள். நல்ல வேலை. என் பெடியன் இரத்தத்துக்குப் பயப்படுகிறவன். ஆனால் அட்டை எண்ணைக் கொடுத்தால் அரைமணித்தியாலத்தில் என் சம்பளத்தை முடிப்பான்.

பக்கத்திலிருந்தால் விளையாடலாம் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம், முக்கால் மணித்தியாலம். இருந்து பார்த்தேன். நூறு பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள், ஒருவரை ஒருவர் சுட்டுத் தள்ளுகிறார்கள், கடைசி ஆள் வெல்கிறார். ஒரு துளி இரத்தம் இல்லை. சூடு பட்டவருக்கு மேலே ஒரு சின்ன ட்ரோன் வந்து நிற்கும். அவர் நீல வெளிச்சமாகக் கரைந்துபோவார். அன்றைக்கு ஜேர்மன்காரருக்காகத் தனியாகச் செய்துகொடுத்ததை, இன்றைக்கு உலகம் முழுக்க ஒரே பதிப்பாக விற்கிறார்கள். வெட்டுவதற்கே ஒன்றும் வைக்காமல் செய்கிற வித்தையை யாரோ நன்றாகப் படித்திருக்கிறார்கள். முத்திரையும் பச்சை. எனக்குத்தான் பக்கத்திலிருக்கச் சங்கடமாக இருந்தது. பதினாறு வயதில் அந்தப் பழைய விளையாட்டை முழுதாக அவனுக்குப் போட்டுக் காட்டுவேன் என்று மனைவியிடம் சொன்னேன். அதற்கு இன்னும் ஐந்து வருசம் கிடக்குது, முதலில் கணக்குப் பாடத்தைப் பாருங்கோ என்றா.

போன சனிக்கிழமை அம்மா வந்திருந்தா. தமிழ்க் கடையில் வாங்கின முருங்கையிலையைப் பேப்பரில் கொட்டி, சோபாவில் இருந்து ஆய்ந்துகொண்டிருந்தா. மகன் யாரையோ சுட்டான். ட்ரோன் வந்தது, நீல வெளிச்சம், ஆள் இல்லை. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தா.

“இவன் எங்க போட்டான்?”

“லொபிக்கு, அப்பம்மா.”

“சாகேல்லையோ?”

“இல்லை. அங்க போய் நிண்டு, திரும்ப வருவான்.”

அம்மா என்னைப் பார்த்தா. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிளையை எடுத்து இலையை உருவிக்கொண்டே, “வரட்டும், வரட்டும்” என்றா.